மேல்தளத்துக்கு எவ்வளவு காப்பு? தமிழகத் தட்பவெப்பமும் வீட்டின் வெப்பத் தடுப்பும்

ஓலையோ வைக்கோலோ வேய்ந்த வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் முதல் கோடையிலேயே ஒரு வித்தியாசத்தை உணர்கின்றன. புது வீடு மழைக்கு ஒழுகுவதில்லை. தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கூரை மாற்றும் செலவும் இல்லை. ஆனால் பகலில் பழைய வீட்டைவிட வெக்கை கூடுதலாக இருக்கிறது. இரவு பத்து மணியாகியும் மேல்தளம் ஆறுவதில்லை. மின்விசிறி அனலை அள்ளிக் கீழே கொட்டுகிறது. இந்த அனுபவத்துக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்கு வெப்பக்காப்பு எவ்வளவு வேண்டும், எந்த இடத்தில் வேண்டும், எந்த ஊருக்கு எவ்வளவு போதும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கணக்கே அடிப்படை.

வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குச் செல்லும். திடப்பொருளின் வழியே கடத்தலாகவும், நகரும் காற்றோடு சலனமாகவும், வெற்றிடத்தைத் தாண்டிக் கதிர்வீச்சாகவும் அது போகிறது. மொட்டைமாடியில் மூன்றும் நடக்கின்றன. வெயில் கதிர்வீச்சாக மேற்பரப்பில் விழுகிறது. அதில் ஒரு பகுதியைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. மிச்சம் கடத்தலால் தளத்துக்குள் இறங்கி, அடிப்பரப்பிலிருந்து மறுபடியும் கதிர்வீச்சாகக் கீழே படுத்திருப்பவர் மேல் விழுகிறது. வெப்பக்காப்புப் பொருள் எதுவும் இந்த ஓட்டத்தை முழுதாக நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துகிறது. மட்டுப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அந்தப் பொருளுக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றின் கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.025 வாட். தெர்மோகோலுக்கு அது 0.035 முதல் 0.04 வரை; பாறைக் கம்பளிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. தென்னை நார்க்கழிவுப் பலகைக்கு 0.06, வைக்கோல் வேய்ந்த கூரைக்கு 0.07. சுட்ட செங்கல்லுக்கு 0.81, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 1.58. கான்கிரீட் வைக்கோலைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது என்பது இதன் பொருள்.

ஒரு பொருளின் தடிமனை மீட்டரில் எடுத்து, அதன் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது அதன் வெப்பத் தடை. இதைத்தான் கடைக்காரர்களும் பொறியாளர்களும் ஆர் மதிப்பு என்கிறார்கள். கூரையில் உள்ள அடுக்குகள் ஒவ்வொன்றின் தடையையும் கூட்டி, மேலும் கீழும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலங்களின் தடையையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தால் யூ மதிப்பு கிடைக்கும். இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கூரை எத்தனை வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதை அது சொல்லும். ஆர் கூடக்கூட நல்லது. யூ குறையக் குறைய நல்லது.

150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தின் தடை 0.095 மட்டுமே. இரண்டு காற்றுப் படலங்களும் சேர்ந்து தருகிற 0.21, தளத்தின் தடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல்! மொத்தம் 0.305; யூ மதிப்பு சுமார் 3.3. அதே 150 மில்லிமீட்டருக்கு வைக்கோல் வேய்ந்திருந்தால் தடை 2.14; யூ மதிப்பு 0.43. குடிசையின் கூரை கான்கிரீட்டைவிட ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுத்துவந்திருக்கிறது. மச்சு வீடு கட்டியவர்கள் பாதுகாப்பையும் உறுதியையும் பெற்றார்கள். இந்தத் தடுப்பை அவர்களுக்கே தெரியாமல் இழந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் இன்றைய வீட்டு வெப்பக்காப்பின் முதல் வேலை.

ஈடுகட்ட எவ்வளவு தடிமன் வேண்டும்? 0.035 கடத்துதிறன் கொண்ட பலகையை அந்தக் கான்கிரீட் தளத்தின் மேல் பதிப்பதாகக் கொண்டால், 25 மில்லிமீட்டரில் யூ மதிப்பு 3.3இலிருந்து 0.98க்கு இறங்குகிறது. உள்ளே வரும் வெப்பத்தில் 70 விழுக்காடு அப்போதே குறைந்துவிடுகிறது. 50 மில்லிமீட்டரில் 0.58, குறைவு 82 விழுக்காடு. 75இல் 0.41, குறைவு 87 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 100இல் 0.32, குறைவு 90 விழுக்காடு. முதல் ஓர் இஞ்ச் எழுபது விழுக்காட்டைத் தடுக்கிறது. கடைசி இரண்டு இஞ்ச் சேர்ந்து எட்டைத்தான் தடுக்கிறது. பலகையின் விலையோ ஒவ்வொரு இஞ்சுக்கும் ஏறத்தாழ ஒரே அளவாகக் கூடுகிறது. எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதைத் தட்பவெப்பம் முடிவு செய்கிறது.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது: வெப்பமும் வறட்சியும் உள்ளது, வெப்பமும் ஈரமும் உள்ளது, கலப்பு, மிதமானது, குளிரானது. ஜோத்பூரும் அகமதாபாத்தும் முதல் வகை, சென்னை இரண்டாவது, டெல்லி மூன்றாவது, பெங்களூரு நான்காவது, லே, சிம்லா ஐந்தாவது. எரிசக்தித் திறன் பணியகம் உருவாக்கி, 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதியான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, கூரையின் யூ மதிப்பு எந்த மண்டலத்திலும் 1.2ஐத் தாண்டக்கூடாது என்கிறது. மேலே காட்டிய கணக்கின்படி, இதற்கு 20 மில்லிமீட்டர் பலகை போதும். எட்ட முடியாத இலக்கு அல்ல. ஆனால் இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கே வகுக்கப்பட்டது. சென்னைக் கணக்கில் அது இரண்டே கால் கிரவுண்டு. அரை கிரவுண்டிலும் முக்கால் கிரவுண்டிலும் கட்டப்படும் சாதாரண வீடுகள் விதிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வெயில் அதிகம் வாட்டுவதோ அவற்றைத்தான்.

வெளிநாட்டுக் கணக்குகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடறல் இங்கே உள்ளது. அமெரிக்க வீடுகளுக்கான 2021ஆம் ஆண்டு எரிசக்தி விதிநூல், வீட்டின் மேற்கூரைக்கு மயாமியில் ஆர் 30, ஹூஸ்டனில் ஆர் 49, சிக்காகோவில் ஆர் 60 என்று கேட்கிறது. இவை அடி, பாரன்ஹீட் அளவில் எழுதப்பட்ட எண்கள். இந்தியாவில் வழங்கும் மெட்ரிக் அளவுக்கு மாற்ற 5.68ஆல் வகுக்க வேண்டும். ஆர் 30 என்பது 5.28 ஆகும். பொட்டலத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஆறு மடங்கு வரை ஏமாற நேரும். அலகைச் சரிசெய்த பிறகும் மயாமியின் அளவைச் சென்னைக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே மரச்சட்ட வீடு. பரணில் கம்பளியைக் கொட்டிவிடுவது எளிது, மலிவு. வீடு முழுவதும் நாள் முழுவதும் குளிரூட்டப்படுகிறது. இங்கே கான்கிரீட் தளம்; ஒன்றிரண்டு அறைகளில் இரவில் மட்டும் ஏசி; மற்ற நேரமெல்லாம் சன்னல் திறந்திருக்கிறது.

தமிழகச் சமவெளியின் வெயிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கோடையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சியைத் தொடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்து போகிறது. அந்த நண்பகலில் தெற்குச் சுவரில் நேர்வெயில் படுவதே இல்லை. கிழக்கும் மேற்கும் அரைநாள் வீதம் பங்கிட்டுக்கொள்கின்றன. நாள் முழுவதும் வெயிலில் கிடப்பது மொட்டைமாடி ஒன்றுதான். மாடிவீட்டின் மேல்தளத்தில் குடியிருப்பவரும் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே தட்பவெப்பத்தில் வாழ்வதில்லை. காப்புக்கான பணம் குறைவாக இருந்தால், முழுவதையும் கூரைக்கே செலவிடுவது சரி.

அதிலும் முதல் செலவு பலகைக்கு அல்ல, நிறத்துக்கு. 38 டிகிரி வெக்கை நாளில், சதுர மீட்டருக்கு 950 வாட் வெயில் விழும்போது, கருத்துப்போன சிமென்ட் தளம் அதில் 70 விழுக்காட்டை உறிஞ்சுவதாகக் கொண்டால், கூரைக்கு வெளியே 63 டிகிரி நிலவுவதற்குச் சமமான சூடு ஏற்படுகிறது. வெள்ளைத் தளம் 30 விழுக்காட்டை மட்டும் உறிஞ்சினால் அது 47 டிகிரியாக இறங்கிவிடும். நூறு சதுர அடி அறை ஒன்றை 26 டிகிரியில் வைத்திருப்பதாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காப்பில்லாத கருத்த தளத்தின் வழியே ஏறத்தாழ 1,130 வாட் உள்ளே இறங்குகிறது. ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் 3,517 வாட். அதில் மூன்றிலொரு பங்கு கூரை ஒன்றுக்கே போய்விடுகிறது. வெள்ளையடித்தால் 640 வாட். வெள்ளையடிக்காமல் இரண்டு இஞ்ச் பலகை பதித்தால் 200 வாட். இரண்டும் செய்தால் 115 வாட்டுக்கும் குறைவு. தளத்தின் கனம் சூட்டைத் தேக்கித் தாமதமாக விடுவதால் உண்மையான உச்சம் இந்த எண்களிலிருந்து சற்று மாறும், ஒப்பீடு மாறாது.

வெள்ளையடிப்பதில் குறையும் இல்லாமல் இல்லை. புழுதியும் பாசியும் படிந்தால் வெண்மை போய்விடும். சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்குவது கடினம். பொங்கலுக்கு முன் சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பங்குனி பிறக்கும் முன் மொட்டைமாடிக்கும் ஒரு நடை அடித்துவிட்டால் அந்தக் கோடைக்கு அது உதவும். வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டு எரிசக்தி விதித்தொகுப்பு, தட்டைக் கூரை தன்மேல் விழும் வெயிலில் குறைந்தது 60 விழுக்காட்டைத் திருப்பியனுப்ப வேண்டும் என்கிறது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்க்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. சிறு வீடுகளையும் எட்டக்கூடிய மலிவான வழி இதுவே.

பழைய தமிழகக் கட்டடக்கலை கூரையின் சூட்டை வேறு வகையில் சமாளித்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற கூரையில், தேக்கு விட்டங்களின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்வு வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்த சுண்ணாம்பில் செங்கல் ஜல்லியைக் கொட்டி, நாள்கணக்காகக் கட்டையால் தட்டி இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் வந்த பிறகும் சுருக்கி எனப்படும் அந்தச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் தளத்தின் மேல் தொடர்ந்தன. இது நல்ல வேலை. ஆனால் இதன் பலம் காப்பைவிடக் கனத்தில்தான் இருக்கிறது. நான்கு இஞ்ச் சுருக்கி, கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பை 3.3இலிருந்து 2.3 அளவுக்கே இறக்குகிறது. ஓர் இஞ்ச் தெர்மோகோல் செய்வதில் பாதியைக்கூட அது செய்வதில்லை. அது செய்வது தாமதம்: நண்பகல் சூடு அடிப்பரப்பை எட்டப் பல மணி நேரம் ஆகிறது. முற்றத்தைச் சுற்றி உயரமான கூடங்கள் அமைந்த, இரவில் திறந்தவெளியிலோ திண்ணையிலோ படுத்துறங்கிய வாழ்க்கைக்கு அந்தத் தாமதம் பொருந்தியது. ஒன்பதடி உயர அறைக்குள் கதவடைத்து உறங்கும் இன்றைய வாழ்க்கையில், தாமதமான சூடு சரியாகப் படுக்கைநேரத்தில் வந்து சேர்கிறது. மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியைச் சாந்தால் நிரப்பித் தளம் போடும் முறை இதைவிட ஒரு படி மேல். பானைக்குள் அடைபடும் காற்று உண்மையான தடையாக வேலை செய்கிறது.

பலகையைத் தளத்தின் மேல் போடுவதா, கீழே ஃபால்ஸ் சீலிங்காகப் போடுவதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மேலே போடுவதே மேல். அப்போது கான்கிரீட் வெயிலுக்கு நேரடியாக ஆட்படுவதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் அலைச்சல் குறைவதால் வெடிப்பும் அதன்வழி ஒழுக்கும் குறைகின்றன. தளத்தின் கனம் அறையின் பக்கம் இருந்து, உள்ளிருக்கும் சூட்டை ஏற்றத்தாழ்வில்லாமல் வைத்திருக்கிறது. கீழே போட்டால் தளம் முழுச் சூட்டையும் தாங்கி வேகிறது. எனினும், இரவில் சில மணி நேரம் மட்டும் ஏசி ஓடும் அறைக்குக் கீழ்க்காப்பிலும் ஒரு நன்மை உண்டு: கான்கிரீட்டைக் குளிரவைக்கும் வேலை இல்லாததால் அறை விரைவில் குளிர்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், மொட்டைமாடி தம் உரிமையில் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளருக்கும் அது ஒன்றே வழி.

சுவர்களுக்குக் காப்பு வேண்டுமா என்பது ஏசியைப் பொறுத்தது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரின் யூ மதிப்பு சுமார் 2. ஏஏசி எனப்படும், காற்றறைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லால் எட்டு இஞ்ச் கட்டிய சுவருக்குச் சுமார் 0.8. புதிதாகக் கட்டுபவர் இலேசான கல்லைத் தேர்ந்தெடுத்தாலே சுவர்க்காப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே நிற்கும் செங்கல் சுவரின் மேல் பலகை ஒட்டுவது, நாள் முழுவதும் ஏசி ஓடும் வீட்டுக்குத் தவிர வேறெங்கும் செலவுக்கு ஈடான பலனைத் தராது. மின்விசிறியை நம்பும் கடலோர வீட்டில் அது எதிராகவும் திரும்பலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு குறைவு. உடல், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை வீட்டுக்குள்ளேயே சூட்டை உண்டாக்குகின்றன. எல்லாப் பக்கமும் காப்பிட்டுச் சன்னலையும் அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். அங்கே கூரைக்குக் காப்பு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிர்ச் சன்னல்களுக்குக் காற்று என்ற வரிசையே சரி. அகலமான சன்ஷேடும், மேற்கே ஒரு வேப்பமரமும், சுவர்ப் பலகையைவிட அதிகம் செய்யும்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளின் நிலை வேறு, அவசரமானதும்கூட. ஷீட்டுக்குத் தடை என்று ஒன்று இல்லவே இல்லை. யூ மதிப்பு 4.8ஐ எட்டுகிறது. கனமும் இல்லாததால் தாமதமும் இல்லை; வெயில் ஏறும்போதே சூடு உள்ளே இறங்குகிறது. இங்கே கதிர்வீச்சுதான் முதல் எதிரி. ஷீட்டுக்குச் சில இஞ்ச் கீழே, காற்றிடைவெளி விட்டு, பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய பலகையைப் பொருத்துவது நல்ல பலன் தரும். பளபளப்பு காற்றிடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். எதனோடாவது ஒட்டிவிட்டால் தாள் வெறும் கடத்தியாகிவிடும். பலகைக்குக்கூட வழியில்லாத இடத்தில், ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சும், அதற்கு மேலே ஓலைப் பந்தலோ நிழல்வலையோ உதவும்.

உதகையும் கொடைக்கானலும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகின்றன. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள அந்த ஊர்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. வெப்பம் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. வெள்ளைக் கூரை அங்கே நன்மையல்ல, பகல் வெயிலின் இளஞ்சூட்டையும் திருப்பியனுப்பிவிடும். கூரைக்குக் காப்பு மூன்று, நான்கு இஞ்ச் வரை போவதில் அங்கே பொருள் உண்டு. அதற்கு இணையாக, கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதும் முக்கியம். இடுக்கு வழியே போகும் சூட்டை எந்தப் பலகையாலும் தடுக்க முடியாது. நீலகிரியின் தோடர் குடில் இதற்கு முழுமையான முன்மாதிரி. மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, தடித்த புல் வேய்ந்த, பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற அமைப்பு. சன்னல் இல்லை, தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். தடித்த காப்பு, குறைந்த வெளிப்பரப்பு, அடைபட்ட காற்று ஆகிய மூன்றையும் அது ஒருங்கே கொண்டிருக்கிறது.

ஈரம், காப்பின் நிரந்தரப் பகை. நனைந்த கம்பளியில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் மொட்டைமாடிக்குக் கம்பளி ஆகாது. தண்ணீரை உறிஞ்சாத மூடிய அறைகள் கொண்ட, எக்ஸ்பிஎஸ் எனப்படும் அழுத்தமான பலகையே பொருந்தும். காற்றிலுள்ள ஈரத்தையும் மறந்துவிடக் கூடாது. சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, கோடையில் 25 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நட்சத்திரக் குறியுள்ள ஏசிகளுக்கு 2020 ஜனவரி முதல் இயல்பு வெப்பநிலை 24 டிகிரி. வெளிக்காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்த பரப்பை எட்டினால் அதன் ஈரம் நீர்த்துளியாகிவிடும்; பூஞ்சணம் பிடிக்கும். எனவே சமவெளியில் ஈரத் தடுப்புப் படலம் காப்பின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், உதகையில் உட்பக்கத்தில். இமயமலை நகரத்து வீட்டுக்கு வரைந்த படத்தைச் சென்னையில் அப்படியே கட்டினால் ஈரம் சுவருக்குள் சிக்கிக்கொள்ளும்.

தீயும் கவனத்துக்குரியது. தெர்மோகோலும் பியூ ஃபோமும் எரியக்கூடியவை. எரியும்போது நச்சுப்புகை விடுபவை. தளத்தின் மேல் சாந்துக்கும் ஓட்டுக்கும் அடியில் இருந்தால் பிரச்சினை இல்லை. அறைக்குள், மின்கம்பிகள் ஓடும் ஃபால்ஸ் சீலிங்கில் அவற்றைத் திறந்தபடி வைப்பது ஆபத்து. அங்கே பாறைக் கம்பளியும் ஜிப்சம் பலகையும்தான் பொருத்தம். அதேபோல் மாடித்தோட்டத்தைக் காப்பு என்று நம்புவதும் தவறு. செடியின் நிழலும் ஈரம் ஆவியாவதும் குளிர்ச்சி தரும். நனைந்த மண்ணோ வெப்பத்தை எளிதாகக் கடத்தும். நிழலுக்கு வேறு வழியும் உண்டு: கூரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திப் பொருத்திய சூரியத் தகடுகள் மின்சாரத்தோடு நிழலையும் தருகின்றன.

ஆகவே தமிழகச் சமவெளியில் மின்விசிறி வீட்டுக்கு வெள்ளைத் தளமும் ஓர் இஞ்ச் பலகையும் போதும். ஏசி வீட்டுக்கு வெள்ளைத் தளமும் இரண்டு இஞ்சும். அதற்கு மேல் செலவிடும் பணம் சன்னல் நிழலுக்குப் போகட்டும். பெங்களூரை ஒட்டிய மிதமான ஊர்களுக்கு ஓர் இஞ்ச் தாராளம். மலையில் மூன்று இஞ்சுக்குக் குறையக் கூடாது.

பலகை பதிக்கும் வேலைக்கு ஒரு வீட்டின் ஆயுளில் இரண்டே வாய்ப்புகள் இயல்பாக வருகின்றன. தளம் போட்டு, சுருக்கியும் ஓடும் பதிக்கும் முன்பு முதலாவது. இருபது, இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் ஒழுக்கு கண்டு பழைய சுருக்கியைக் கொத்தியெடுக்கும்போது இரண்டாவது. கொத்துக்கூலி, நீர்த்தடுப்புப் பூச்சு, ஓடு ஆகிய செலவுகள் எப்படியும் நடக்கப்போகிற நேரம் அது. கூடுதலாக ஆவது பலகையின் விலை மட்டுமே. நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும், ஓடு இறங்கும் முன், தம் வீட்டுக்கு ஏற்ற தடிமனில் பலகையைப் பதிக்கச் சொல்லி வீட்டுக்காரர்கள் கொத்தனாரிடம் கேட்க வேண்டும்.